ஏர்கான் போட்டதும் ஆர்பிஎம் ஏன் சரிகிறது? மாற்றியமைத்த கார்களில் ஐடிலைச் சீராக்கும் முறை

கார் நிறுத்துமிடத்தின் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் கிளட்சை மிதித்து நிற்கிறீர்கள். 800-ல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) முள் 450 வரை விழுகிறது. முகப்பு விளக்கு மங்குகிறது, எஞ்சின் ஒருமுறை உதறுகிறது, பிறகு 1,100-க்கு எகிறி மெல்ல இறங்குகிறது. சில நேரம் எகிறுவதே இல்லை, அப்படியே அணைந்துவிடுகிறது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்), ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்), இன்டேக் குழாய் (காற்று உள்ளே வரும் வழி) என ஏதோ ஒன்றை மாற்றிய கார்களில் இது அன்றாடப் புகார். விரைவுச்சாலையில் சீராகப் போகும் அதே கார் சிக்னலில் நிற்கத் திணறும்போது உரிமையாளருக்கு ஒன்றும் புரிவதில்லை. டைனோவில் (எஞ்சினின் பலத்தை அளக்கும் கருவி) நல்ல எண்கள் வந்த எஞ்சினுக்குச் சும்மா நிற்பது ஏன் இத்தனை கடினம்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து இரண்டு. ஐடில் (மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக ஓடும் நிலை) இலக்கை 1,100-க்கு உயர்த்திவிடுவது ஒன்று. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் ஐடில் கட்டுப்பாட்டை இன்னும் முரட்டுத்தனமாகத் திருத்தும்படி அமைப்பது மற்றொன்று. முதலாவது பெட்ரோலை வீணாக்கி, சரிவு கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது, விழுவதும் எகிறுவதுமான ஊசலாட்டத்தைக் கூட்டிவிடுகிறது. இரண்டுமே காரணத்தைத் தொடவில்லை. எஞ்சின் மீது சுமை ஏறிவிட்டது, அந்தச் சுமைக்கான காற்று இன்னும் வந்து சேரவில்லை: பெரும்பாலான சரிவுகளின் கதை இவ்வளவுதான். சுமை ஏறுவதற்கு முன்பே காற்றைக் கொடுத்து வைக்கும்படி இசியுவை அமைப்பதுதான் ஐடில் டியூனிங். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

ஐடிலில் எஞ்சின் என்ன செய்கிறது

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தன் உராய்வையும், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏர்கான் கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றின் இழுப்பையும் சமாளிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குவிசை தருகிறது. தருவதும் இழுப்பதும் சமமாக இருக்கும்வரை முள் அசையாது. இழுப்பு கூடினால் முள் விழும், குறைந்தால் ஏறும்.

2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 10 நியூட்டன் மீட்டர் ஏற்ற இறக்கம் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. ஐடிலில் எஞ்சின் தருவதே மிகக் குறைவு, ஆகவே அங்கே அதே 10 நியூட்டன் மீட்டர் பெரிய பங்கு. டைனோவில் அழகாக வந்த எஞ்சின் சிக்னலில் தடுமாறுவதன் காரணம் இதுதான். ஆர்பிஎம்முக்கும் சுமைக்கும் ஏற்ற எண்களை இசியுவில் கட்டம் கட்டமாக எழுதிவைக்கும் அட்டவணைதான் மேப். அதன் வலது பக்கம் மணிக்கணக்கில் செதுக்கப்பட்டிருக்கும், இடது கீழ் மூலையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இசியுவின் இரண்டு கைகள்

ஐடிலைப் பிடித்து நிறுத்த இசியுவுக்கு இரண்டே கருவிகள் உண்டு.

1. காற்று. கேபிள் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) உள்ள கார்களில் த்ராட்டிலைச் சுற்றிச் செல்லும் பக்கவழியில் ஓர் ஐடில் வால்வு இருக்கும். ஹோண்டா இன்டெக்ரா டிசி5 போன்றவற்றில் அது சுழலும் வால்வு, மிட்சுபிஷி எவோ 4 முதல் 9 வரை ஸ்டெப்பர் மோட்டார். எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் தனி வால்வு கிடையாது, த்ராட்டில் தகடே ஓரிரு டிகிரி திறந்து அந்த வேலையைச் செய்கிறது. காற்றின் பலம் பெரிது, ஆனால் மெதுவானது. வால்வு அசைய வேண்டும், மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதி) நிரம்ப வேண்டும், அந்தக் காற்று சிலிண்டருக்குள் போய் எரிய வேண்டும்.

2. இக்னிஷன் டைமிங். தீப்பொறியைச் சற்று முன்னதாகக் கொடுத்தால் அடுத்த எரிப்பிலேயே முறுக்குவிசை கூடும். 4 சிலிண்டர் எஞ்சினில் 800 ஆர்பிஎம்மில் 37.5 மில்லிசெகண்டுக்கு ஒரு எரிப்பு நடக்கிறது. அவ்வளவு வேகமான கை இது. ஆனால் நீளம் குறைவு. முறுக்குவிசை உச்சத்தைத் தொடும் டைமிங் வரைதான் அது போகும், அதற்கு மேல் முன்னேற்றினால் பயன் இல்லை.

இங்கே ‘கையிருப்பு’ என்றொரு கருத்து வருகிறது. ஐடில் டைமிங்கை உச்ச நிலையில் வைத்துவிட்டால் எஞ்சின் மிகக் குறைந்த காற்றில் ஓடும், சிக்கனமாகத் தோன்றும். ஆனால் சுமை வரும்போது கொடுக்க அதனிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் ஐடிலில், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 10 முதல் 15 டிகிரி முன்பு மட்டும் தீப்பொறி தரும் பின்தங்கிய டைமிங் வைத்து, அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதல் காற்று விடுகிறார்கள். சுமை வந்த நொடியில் இசியு டைமிங்கை முன்தள்ளி அந்தக் கையிருப்பைச் செலவழிக்கிறது. மெதுவான காற்று வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க அது போதும். ‘ஐடிலில் டைமிங்கை 25 டிகிரிக்கு ஏற்றினேன், முதலில் நன்றாக இருந்தது, ஏர்கான் போட்டால் அணைகிறது’ என்று சொல்லும் காரில் நடந்திருப்பது கையிருப்பு முழுவதையும் முன்பே செலவழித்ததுதான்.

ஒரு சிறு கணக்கு

ஏர்கான் கம்ப்ரஸரின் கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் மீது 10 நியூட்டன் மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் சேர்ந்த சுழல் நிலைமம் 0.15 கிலோகிராம் சதுர மீட்டர். யாரும் திருத்தாவிட்டால் ஆர்பிஎம் நொடிக்கு 637 வீதம் விழும். காற்று வந்துசேர 0.3 நொடி ஆனால், 800-லிருந்து ஏறக்குறைய 610-க்கு இறங்கியிருக்கும். உணர முடியும், ஆனால் எஞ்சின் அணையாது.

இப்போது எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டு நிலைமத்தை 0.10-க்குக் குறைத்துவிட்டோம். அதே சுமை, அதே தாமதம். விழும் வேகம் நொடிக்கு 955 ஆகிறது, 0.3 நொடியில் முள் 514-ல் நிற்கும். அந்த ஆர்பிஎம்மில் ஆல்டர்னேட்டர் தளரும், வோல்டேஜ் இறங்கும், அதனால் எரிபொருள் கணக்கும் பிசகும். ஃப்ளைவீல் எதையும் கெடுக்கவில்லை. முன்பே இருந்த 0.3 நொடித் தாமதத்தை மறைத்துக்கொண்டிருந்த எடையை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ரேடியேட்டர் விசிறிக்கும் இதே கணக்கு பொருந்தும். இரண்டு விசிறிகள் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால், 13.5 வோல்ட்டில் அது 270 வாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து 450 வாட்டுக்கு மேல் போகிறது. 800 ஆர்பிஎம்மில் இது 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். ஏர்கானும் விசிறியும் ஒரே கணத்தில் பிடித்தால் இரண்டும் கூடி விழும்.

எந்த மாற்றம் எதைக் கெடுக்கிறது

பெரிய இன்ஜெக்டர்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுத்ததும் உடனே பெட்ரோல் பாய்வதில்லை. ஊசி திறக்கச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த வீண் நேரத்தை டெட் டைம் என்கிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் அது கூடும். ஏர்கானோடு மணிக்கு 1 லிட்டர் எரிக்கும் 4 சிலிண்டர் எஞ்சினுக்கு 800 ஆர்பிஎம்மில் ஒரு தெளிப்புக்கு 250 சிசி (நிமிடத்துக்குப் பாயும் அளவு) இன்ஜெக்டர் உண்மையில் திறந்திருக்க வேண்டிய நேரம் 2.5 மில்லிசெகண்ட். 1,000 சிசி இன்ஜெக்டருக்கு அதுவே வெறும் 0.625 மில்லிசெகண்ட்.

விசிறி ஓடி வோல்டேஜ் 14-லிருந்து 12.5-க்கு இறங்குகிறது, டெட் டைம் அட்டவணையில் அந்த இடத்தில் 0.2 மில்லிசெகண்ட் குறைவாகப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய இன்ஜெக்டரில் எரிபொருள் 8 சதவிகிதம் குறையும், எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். பெரியதில் 32 சதவிகிதம் குறையும், எரிப்பே தவறும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ‘ஐடில் கட்டுப்பாடு சரியில்லை’ என்றே தெரியும். வால்வையும் டைமிங்கையும் நாள் முழுக்கத் திருகினாலும் இது தீராது. இன்ஜெக்டரோடு உற்பத்தியாளர் தரும் டெட் டைம் அட்டவணையும், மிகச் சிறிய தெளிப்புகளுக்கான திருத்த அட்டவணையும் உங்கள் எரிபொருள் அழுத்தத்துக்கு உரியவைதானா என்று பார்த்து உள்ளிட வேண்டும். அந்தத் தரவு இல்லாமல் விற்கப்படும் இன்ஜெக்டரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.

கூரான கேம் போட்டால் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளி கூடுகிறது. எரிந்த வாயு திரும்பி உள்ளே வரும், வேக்யூம் குறையும். சாதாரணமாக 30 முதல் 35 கிலோபாஸ்கல் இருக்கும் மேனிஃபோல்ட் அழுத்தம் 50-ஐத் தாண்டலாம். இப்படிப்பட்ட எஞ்சினைக் கலவை அளவு லாம்ப்டா 1.0-ல் (காற்றும் பெட்ரோலும் மிச்சமின்றி எரியும் விகிதம், எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம்) ஓட வற்புறுத்தக்கூடாது, 0.92 சுற்றுவட்டாரத்தில் அது அமைதியாகும். இன்னொரு பொறியும் உண்டு. எரிப்பு தவறும்போது எரியாத ஆக்சிஜன் வெளியேறுவதால் லாம்ப்டா சென்சார் ‘பெட்ரோல் குறைவு’ என்று காட்டும். அதை நம்பி இசியு மேலும் பெட்ரோல் ஊற்றும். இத்தகைய கேம்களில் ஐடிலின்போது லாம்ப்டா வழித் திருத்தத்தை நிறுத்திவைப்பதோ, மிகக் குறைவாக அனுமதிப்பதோ நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றோட்டச் சென்சார் உள்ள டர்போ காரில் புளோ-ஆஃப் வால்வை (த்ராட்டில் மூடும்போது டர்போவின் மிகுதிக் காற்றை வெளியேற்றுவது) திறந்தவெளிக்கு விட்டால், அளந்த காற்று வெளியே போய்விடும். அந்தக் காற்றுக்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வரும், த்ராட்டிலை விட்டதும் முள் விழும். அதைக் குழாய் வழியே சென்சாருக்குப் பின்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். இன்டேக் குழாயின் விட்டத்தை மாற்றினால் சென்சாரின் அளவுகோலையும் மாற்றியாக வேண்டும். சிறிய கிராங்க் புல்லி ஆல்டர்னேட்டரின் சுழற்சியைக் குறைத்துவிடும், பகல் முழுக்க ஏர்கான் ஓடும் சிங்கப்பூர்க் காருக்கு அது ஒத்துவராது. பெரிய த்ராட்டில் பாடியில் தகடு ஒரு டிகிரி அசைந்தாலே காற்று அதிகம் மாறும், ஆகவே எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் பழைய அளவுகோலை வைத்து ஐடில் பிடிக்க முடியாது.

லேப்டாப்பைத் திறக்கும் முன்

1. புகைச் சோதனை செய்யுங்கள். இன்டேக் வழியில் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தினால் கசிவு கண்ணுக்குத் தெரியும். பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாய், இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டர்கூலர் இணைப்புகள் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஓடும் எஞ்சின் மீது எரியும் திரவத்தைத் தெளித்துக் கசிவு தேடும் பழைய வழக்கம் தீ விபத்துக்கு அழைப்பு.

2. த்ராட்டில் தகட்டையும் ஐடில் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் சுத்தம் செய்த பிறகு இசியுவுக்கு மூடிய நிலையை மறுபடி கற்பிக்க வேண்டும். அதன் நிறுத்துத் திருகை (தகடு எதுவரை மூடலாம் என்று வரம்பிடும் திருகு) தொடவே கூடாது.

3. ஐடிலில் எல்லா மின்சுமையும் போட்டு பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். 13-க்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டர், எர்த் கம்பிகள், புல்லி ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

4. ஏர்கான் கம்பி இணைப்பைச் சரிபாருங்கள். எஞ்சின் மாற்றிய கார்களில் ஏர்கான் சுவிட்ச் நேராக ரிலேவுக்குப் போய்விட்டிருக்கும். கம்ப்ரஸர் பிடிப்பது இசியுவுக்கே தெரியாது. தெரியாத சுமைக்கு எந்த இசியுவும் முன்கூட்டித் தயாராகாது. ‘ஏர்கான் வேண்டும்’ என்ற கோரிக்கை இசியுவுக்குள் வர வேண்டும், கம்ப்ரஸர் ரிலேவை இசியுதான் இயக்க வேண்டும். ரேடியேட்டர் விசிறிக்கும் இதே விதி.

டியூனிங் வரிசை

வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பதால், இடையில் தாவினால் திரும்ப வந்து செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் எரிபொருள். எஞ்சினை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஐடிலின் தானியங்கித் திருத்தத்தை அணைத்து, டைமிங்கை ஒரே எண்ணில் பூட்டிவிடுங்கள். ஐடில் வால்வை நீங்களே ஏற்றி இறக்கி 600 முதல் 1,200 ஆர்பிஎம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் கலவையைச் சரிசெய்யுங்கள். 800 ஓடும் கட்டத்தை மட்டும் திருத்திவிட்டு நகர்வதுதான் வழக்கமான பிழை. முள் சரியும்போது எஞ்சின் 600 கட்டத்துக்குள் போகிறது, மேனிஃபோல்ட் அழுத்தமும் ஏறுவதால் ஒரு வரிசை மேலேயும் போகிறது. அந்தக் கட்டத்தில் பெட்ரோல் குறைவாக இருந்தால், சரிவு தொடங்கிய நொடியில் எஞ்சின் மேலும் பலமிழக்கும். ஐடிலுக்குக் கீழே, சற்று அதிகச் சுமையில் உள்ள கட்டங்கள் கொஞ்சம் வளமாக (பெட்ரோல் சற்றுக் கூடுதலாக) இருக்கட்டும். அப்போது விழும் எஞ்சினை மேப்பே கைதூக்கிவிடும்.

அடுத்து டைமிங் அட்டவணை. தொழிற்சாலை மேப்பிலோ, யாரோ கொடுத்த ஆரம்ப மேப்பிலோ இப்படி இருப்பதைப் பார்க்கலாம்: 500 ஆர்பிஎம்மில் 5 டிகிரி, 750-ல் 10, 1,000-ல் 15. இதைப் படித்துப் பாருங்கள். முள் விழ விழ டைமிங் பின்வாங்குகிறது, முறுக்குவிசை குறைகிறது, முள் மேலும் விழுகிறது. எஞ்சின் அணைவதற்கான வழியை நாமே எழுதி வைத்திருக்கிறோம். இதைத் திருப்பிப் போடுங்கள்: 500-ல் 16, 750-ல் 14, 1,000-ல் 12. ஸ்டார்ட் செய்யும்போது பயன்படும் டைமிங் பெரும்பாலான இசியுக்களில் தனி அட்டவணை, ஆகவே இதனால் ஸ்டார்ட்டிங் கெடாது. இந்த ஒரு மாற்றம் மட்டுமே பல கார்களில் பாதிப் புகாரைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, அடிப்படைக் காற்று. ஏர்கான், விளக்கு எல்லாம் அணைந்த நிலையில், சூடான எஞ்சின் இலக்கு ஆர்பிஎம்மில் ஓட எவ்வளவு வால்வுத் திறப்பு தேவை என்பதே அது. கேபிள் த்ராட்டிலில் அது 30 முதல் 40 சதவிகிதத்துக்குள் வரும்படி நிறுத்துத் திருகைச் சரிசெய்யுங்கள். வால்வு 80-ல் நின்றால் சுமை வரும்போது திறக்க இடமில்லை. 5-ல் நின்றால் ஆர்பிஎம்மை இறக்க இடமில்லை. திருகைத் தொட்ட பிறகு த்ராட்டில் சென்சாரின் பூஜ்ஜியத்தை மறுபடி பதிய மறக்காதீர்கள். சென்சார் 2 சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்தால், இசியு ‘கால் இன்னும் மிதியில் இருக்கிறது’ என்று எண்ணி ஐடில் கட்டுப்பாட்டுக்குள் நுழையவே நுழையாது.

இந்தக் காற்று, எஞ்சின் வெப்பநிலைக்கு ஏற்ப ஓர் அட்டவணையாக இருக்கும். சிங்கப்பூரில் அதிகாலையில்கூட எஞ்சின் 24, 25 டிகிரியில்தான் ஸ்டார்ட் ஆகிறது. 25 முதல் 90 வரையுள்ள கட்டங்களைக் கவனமாகச் செய்யுங்கள். 10 டிகிரிக்கும் 0-க்கும் உரியவற்றை மேல் கட்டங்களின் போக்கிலேயே சீராக நீட்டிவிட்டால் போதும். ஆனால் காரை மலேசியாவின் கெந்திங் மலைக்கு ஓட்டிச் செல்பவர்கள் காற்றழுத்தத் திருத்தத்தைச் சும்மா விட்டுவிடக்கூடாது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 81 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும், அதே வேலைக்கு வால்வு கூடுதலாகத் திறக்க வேண்டும்.

ஏர்கான்: சரியான முன்பின்

இந்த ஊரில் ஐடில் டியூனிங்கின் நடுநாயகம் இதுதான். கிளட்ச் வகைக் கம்ப்ரஸர் உள்ள காரில் நிகழ்ச்சிகள் இந்த வரிசையில் நடக்க வேண்டும்:

1. ஏர்கான் கோரிக்கை இசியுவுக்கு வருகிறது. கம்ப்ரஸர் இன்னும் பிடிக்கவில்லை.

2. இசியு உடனே வால்வைக் கூடுதலாகத் திறக்கிறது. இலக்கும் 50 முதல் 100 ஆர்பிஎம் உயர்கிறது.

3. கூடுதல் காற்றால் முள் எகிறாதபடி டைமிங் சில டிகிரி பின்வாங்குகிறது. மேனிஃபோல்டில் காற்று நிரம்பிக் கையிருப்பு சேர்கிறது.

4. 0.3 முதல் 0.5 நொடி கழித்துக் கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறது. டைமிங் அதே கணத்தில் முன்னேறுகிறது.

5. கம்ப்ரஸர் விடும்போது இதே வரிசை தலைகீழாக. காற்றைச் சற்றுத் தாமதமாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் விடும்போதெல்லாம் ஒரு சரிவு வரும்.

கூடுதல் காற்று எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். தானியங்கித் திருத்தத்தை அணைத்து, ஏர்கான் இல்லாமல் 800-க்குத் தேவையான திறப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏர்கான் ஓடும் நிலையில் 850-க்குத் தேவையானதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளிட வேண்டிய எண். நண்பகல் 33 டிகிரி வெயிலில் கம்ப்ரஸரின் இழுப்பு இரவைவிட அதிகம், ஆகவே பகலில் அளப்பது பாதுகாப்பு. விசிறி, பவர் ஸ்டீயரிங் அழுத்த சுவிட்ச், ஆட்டோ கியரில் டி-க்கு மாற்றுவது ஆகியவற்றுக்கும் இதே அளவு முறையைத் தனித்தனியாகச் செய்யுங்கள். விசிறியும் கம்ப்ரஸரும் ஒன்றாகப் பிடிக்காதபடி ஒரு நொடி இடைவெளி விட வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

காலை எடுத்ததும் விழும் முள்

ஐடிலில் நிற்கும்போது சீராக இருந்து, சிக்னலை நெருங்கிக் கிளட்சை மிதித்ததும் மட்டும் விழுந்தால் அது வேறு நோய். 3,000-லிருந்து வேகமாக இறங்கி வரும் முள், இலக்கைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. மூடிய த்ராட்டிலில் மேனிஃபோல்ட் காலியாக இருக்கிறது, அதை நிரப்ப நேரம் இல்லை.

இங்கே சரிசெய்ய வேண்டியவை மூன்று. இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தும் வசதி எந்த ஆர்பிஎம்மில் மீண்டும் பெட்ரோல் கொடுக்கிறது என்று பாருங்கள். எடை குறைந்த ஃப்ளைவீல் உள்ள காரில் 1,200 என்பது மிகத் தாமதம், 1,600 முதல் 1,800 வரை வையுங்கள். திரும்பி வரும் முதல் சில தெளிப்புகள் இன்டேக் சுவரை நனைப்பதிலேயே போய்விடும் என்பதால் இந்த இடைவெளி தேவை. அடுத்து, த்ராட்டில் மூடியதும் கொஞ்சம் கூடுதல் காற்றைக் கொடுத்து ஒன்றிரண்டு நொடியில் படிப்படியாகக் குறைக்கும் ‘டாஷ்பாட்’ அமைப்பு. அது அளவுக்கு மீறினால் கியர் மாற்றும்போது ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும், ஆகவே முள் இலக்குக்கு வழுக்கிக்கொண்டு வந்து சேரும் இடம்வரை மட்டும் ஏற்றுங்கள். மூன்றாவது, ஐடில் இலக்கையே சாய்வாக அமைப்பது: கட்டுப்பாட்டுக்குள் நுழையும்போது இலக்கு 1,200-ல் தொடங்கி 800-க்கு மெல்ல இறங்கட்டும்.

தானியங்கித் திருத்தம் கடைசியில்

இதுவரை செய்தது சரியாக இருந்தால், இசியுவின் பின்னூட்டத் திருத்தத்துக்கு மிச்சமிருக்கும் வேலை மிகக் குறைவு. அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது அதை இயக்குங்கள்.

முதலில் டைமிங் வழித் திருத்தம்: முள் இலக்கைவிட 100 குறைந்தால் 4 டிகிரி, 200 குறைந்தால் 8 டிகிரி முன்னேற்றம். மேலே போனால் அதே அளவு பின்வாங்கல். பிறகு காற்று வழித் திருத்தம், மிகக் குறைந்த பலத்தில். விலகலுக்கு நேராகப் பதில் சொல்லும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முள் ஊசலாடத் தொடங்கியதும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். மிச்ச விலகலைச் சேர்த்துச் சேர்த்துத் திருத்தும் பகுதி மிக மெதுவாக இருக்கட்டும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை முள் ஏறி இறங்கினால் பெரும்பாலும் இந்தப் பகுதிதான் குற்றவாளி. கார் கியரில் உருண்டு வரும்போது அது விலகலைச் சேர்த்துக்கொண்டே போய், நின்றதும் வால்வை முழுக்க மூடிவிடும் அபாயமும் உண்டு. ஐடிலுக்குள் நுழையும்போதெல்லாம் அது பூஜ்ஜியமாகும்படி அமையுங்கள்.

உட்லண்ட்ஸ் வரிசையில் வேறு கதை

பட்டறையில் சரியாக இருந்து, மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலத்துக்குப் போகும் வரிசையில் 40 நிமிடம் ஊர்ந்த பிறகு மட்டும் தடுமாறும் கார்கள் உண்டு. காரணம் வெப்பம். இன்டேக் வெப்பநிலைச் சென்சார் சூடான உலோகத்தில் உட்கார்ந்து 65 டிகிரி காட்டுகிறது, உண்மையில் சிலிண்டருக்குப் போகும் காற்று 45 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். மேனிஃபோல்ட் அழுத்தச் சென்சாரை வைத்துக் கணக்கிடும் இசியு ‘காற்று இலேசானது’ என்று நம்பி, பெட்ரோலை 6 சதவிகிதம் கூடுதலாகக் குறைத்துவிடும். கூரான கேமும் பெரிய இன்ஜெக்டரும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் எஞ்சினுக்கு அந்த 6 சதவிகிதம் போதும். ஐடில் காற்றோட்டத்தில் இந்த வெப்பத் திருத்தத்தின் பலத்தைக் குறையுங்கள், அல்லது எஞ்சின் வெப்பத்தையும் இன்டேக் வெப்பத்தையும் கலந்து கணக்கிடும் அட்டவணையைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் சென்சாரையே பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள்.

எங்கே, எப்படிச் சோதிப்பது

நிறுத்தி வைத்த காரின் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் மணிக்கணக்கில் ஐடில் டியூன் செய்யும் எண்ணமே வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, மூடிய தளங்களில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. புகையை வெளியேற்றும் வசதியுள்ள பட்டறையில் செய்யுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் அனுமதி தேவையில்லாத மாற்றங்கள், அனுமதி பெற வேண்டியவை, தடைசெய்யப்பட்டவை என மூன்று வகை உண்டு. பாகம் வாங்கும் முன் அது எந்த வகை என்று பாருங்கள். 3 முதல் 10 வயதுள்ள காருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதில் புகையும் அளக்கப்படும். ஐடிலை நிலைநிறுத்தக் கலவையை அளவுக்கு மீறி வளமாக்கினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சோதனையின்போது நொடிக்கு 20 முறையாவது பதிவு செய்யுங்கள்: ஆர்பிஎம், இலக்கு, த்ராட்டில், வால்வுத் திறப்பு, மேனிஃபோல்ட் அழுத்தம், டைமிங், லாம்ப்டா, வோல்டேஜ், இரு வெப்பநிலைகள், ஏர்கான் கோரிக்கை, கம்ப்ரஸர், விசிறி. சரிவு வந்த இடத்தைப் பெரிதாக்கி, முதலில் அசைந்தது எது என்று பாருங்கள். ஆர்பிஎம்முக்கு முன் வோல்டேஜ் விழுந்திருந்தால் மின்பக்கம். லாம்ப்டா முதலில் பெட்ரோல் குறைவைக் காட்டியிருந்தால் டெட் டைம் அல்லது கீழ்க் கட்டங்கள், ஆனால் எக்ஸாஸ்டில் சென்சாரை வாயு எட்டச் சிறிது நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். எதுவுமே முன்னால் அசையாமல் கம்ப்ரஸர் பிடித்த கணத்தில் முள் மட்டும் விழுந்தால், முன்கூட்டிய காற்று போதவில்லை.

கடைசிச் சோதனை நிஜமான மோசமான நேரத்தில் நடக்கட்டும். அரை மணி நேர நெரிசலுக்குப் பிறகு, ஏர்கான் முழு வேகத்தில், விசிறி ஓட, முகப்பு விளக்கு எரிய, பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங்கை இறுதிவரை ஒடித்து, ரிவர்ஸில் ஒரு நிறுத்திடத்துக்குள் நுழையுங்கள். முள் 100-க்கு மேல் சரியாமலும், ஒரு நொடிக்குள் இலக்குக்குத் திரும்பியும் வந்தால் மேப்பைச் சேமித்துவிடலாம். வராவிட்டால், எந்தச் சுமை ஏறிய கணத்தில் சரிந்தது என்று பதிவில் தேடி, அந்தச் சுமைக்குரிய காற்று எண்ணை ஒரு சதவிகிதம் ஏற்றி, அதே நிறுத்திடத்தில் மறுபடி நுழைந்து பாருங்கள்.